வண்டிக்கு அடியில்

பேச்சியம்மாள் பாத்திர மாளிகை,
உஸ்மான் ரோடு, தி. நகர், சென்னை-17.
21-11-1972

டீச்சர் விசாலாக்ஷி அம்மாள் அவர்களுக்கு,

நேற்றுப் பகல் பதினோரு மணிக்கு நடைப்பயணக் குழுவின் வண்டி என் கடை வாசலுக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் ஆட்கள் வேறு மாதிரி வந்து சொல்லியிருக்கலாம். நடந்தது இவ்வளவுதான்.

போன் செய்து பேசிவிடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். போன மாதம் போனில் வேறொரு நன்கொடைக்கு நான் "பார்க்கலாம்" என்றதைக் குழுக் கூட்டத்தில் "ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று சொல்லிவிட்டீர்கள். இனி நமக்குள் எழுத்துதான்.

வீடில்லாதவர்கள் இரவில் தங்கச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மண்டபம் கட்ட வேண்டும், அதற்கு மயிலாப்பூரிலிருந்து மதுரை வரை நடந்து பணம் திரட்டப் போகிறோம், முன்னால் ஓர் அடையாள வண்டி போக வேண்டும், அதன் செலவு உங்களுடையது என்று தீபாவளி நெருக்கடியில் வந்து கேட்டீர்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லாத நேரம். சரி என்று சொல்லி அனுப்பினேன். வண்டி எப்படியிருக்கும் என்று அன்றைக்கே கேட்காதது என் தப்பு.

வந்ததைப் பார்த்தேன். வண்டிக்கு மேலே ப்ளைவுட்டில் ஒரு வீடு. ஓடு சிவப்பு பெயின்ட். ஜன்னலில் முல்லைக்கொடி. கதவில் தேங்காய் பெரிசுக்கு ஒரு பூட்டு. ஆள் உயரச் சாவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் நடப்பாராம். பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றால் முதல் பரிசு கொடுத்திருப்பேன். போகட்டும், படம் வரைவது உங்கள் தொழில். அதில் எனக்குப் பேச்சில்லை.

என் தொழில் வேறு. எந்தப் பாத்திரம் வந்தாலும் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை. வண்டியைக் கவிழ்க்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே அடியில் நுழைந்தேன். சாமான் வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள்.

அச்சில் ஒரு கொக்கி. அதற்கு நேர் மேலே பலகையில் ஒரு தட்டு அகலத்துக்கு விளக்குக் கரி. பக்கத்தில் மஞ்சள் தடவி அதன் மேல் குங்குமம், ஒரு வருஷத்துக் குங்குமம் அல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வருஷத்துக் குங்குமம். காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய முருகன், பாதி உரிந்து. பலகை ஓரம் நெடுக, சாக்குப் படுதா கட்டுகிற ஆணிகள். அச்சின் நடுவில் தூளிக் கயிறு அறுத்த பள்ளம்.

நீங்கள் வண்டிக்கு மேலே ஒரு வீடு கட்டியிருக்கிறீர்கள் டீச்சர். அடியில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது.

அதில் குடியிருந்தது யார்? இந்த மழையில் இப்போது எங்கே? இந்த இரண்டுக்கும் பதில் வருகிற வரையில் என் கடையிலிருந்து ஒரு பைசா வராது.

இப்படிக்கு,
மா. அய்யாதுரை


மயிலாப்பூர், சென்னை-4.
24-11-1972

ஸ்ரீமான் அய்யாதுரை அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பில் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். முன்பக்கத்தில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. அதையே என் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி முடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீங்கள் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பத்தோரு வருஷம் பெண்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தவள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை.

புது மரத்தில் வண்டி செய்தால் கல்யாண மேடை மாதிரி இருக்கும். அடிபட்ட மரம் வேண்டும் என்று சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி ரிப்பேர் செய்கிற ஷரஃபுதீன் பட்டறைக்கு நானே போனேன். ஏழு கைவண்டிகள் நின்றன. இந்த ஒன்றில்தான் வாழ்ந்த களை இருந்தது. சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட வந்த வண்டி, சொந்தக்காரி தாயம்மாள் என்று ஒருத்தி, கேட்டுச் சொல்கிறேன் என்றார் ஷரஃபுதீன். கேட்டார். அவள் சம்மதித்தாள். நூற்றுப்பத்து ரூபாய் கொடுத்து, கைநாட்டு வாங்கி, நவம்பர் பத்தாம் தேதி வண்டியை எடுத்து வந்தோம். யாரிடமும் பிடுங்கவில்லை.

ஆக, உங்கள் கோபத்துக்கு அது காரணமில்லை. காரணத்தை நான் சொல்லட்டுமா? வண்டியின் இரண்டு பக்கமும் "பேச்சியம்மாள் பாத்திர மாளிகை" என்று ஒரு முழ எழுத்தில் எழுதக் கேட்டீர்கள். முடியாது என்றேன். அன்றையிலிருந்தே வண்டியில் குறை தேடிக்கொண்டிருந்தீர்கள். மேலே கிடைக்காததால் அடியில் போய்த் தேடினீர்கள்.

இன்னொன்று. உஸ்மான் ரோட்டில் என் பழைய மாணவி ஒருத்தி குடியிருக்கிறாள். கடை அடைத்ததும் உங்கள் படிக்கட்டில் தினமும் ஆறு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்களாமே? கழுவுவதற்கு அல்லவாம். ஈரத்தில் யாரும் வந்து படுத்துவிட மாட்டார்கள் என்பதற்காகவாம். வீடில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள்! மூன்று மாடி முதலாளிக்கு வண்டியின் அடிப்புறம் இத்தனை பரிச்சயமாக இருப்பதும் ஆச்சரியம்தான்.

எதற்கும் உங்கள் மனம் நோக வேண்டாம் என்று, அடிப்பலகையை இழைத்துக் கரியையெல்லாம் எடுத்துவிட்டு நீல பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் தாராளமாகக் குனிந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
விசாலாக்ஷி


தி. நகர், 27-11-1972

டீச்சர் அவர்களுக்கு,

இழைத்துவிட்டீர்களா? கெட்டிக்காரத்தனம்.

முதலில் தண்ணீர் விஷயம். உண்மைதான். ஆறு வாளி இல்லை, எட்டு. காலையில் முதல் போணிக்கு வருகிறவர்கள் கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள். படியில் ஆள் சுருண்டு கிடந்தால் அப்படியே பக்கத்துக் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் ஊற்றுகிறேன். 1946-இல் நான் சென்னைக்கு வந்து, கைவண்டி இழுத்து, பாண்டி பஜாரில் அதே வண்டிக்கு அடியில் ஆறு வருஷம் படுத்திருந்தேன். வண்டி வாடகைக்குப் போன ராத்திரிகளில் கடைப் படிகளில் படுப்பேன். என் மேலும் ஊற்றியிருக்கிறார்கள். நன்றாக வேலை செய்கிற உபாயம் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அடிப்புறம் எப்படிப் பரிச்சயம் என்ற சந்தேகமும் இதோடு தீர்ந்திருக்கும்.

பெயர் எழுதக் கேட்டதும் உண்மை. பணம் போடுகிறவன் பெயர் கேட்பான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்போது வண்டி விஷயம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் ஷரஃபுதீன் பாயைப் பிடித்தேன். அவர் மார்க்கெட் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மூடிய கடையின் தகரத்துக்குக் கீழே, ஒரு சாக்கு மூட்டை, ஓர் அலுமினியச் சட்டி, ஒரு ஹரிக்கேன் விளக்கு, இவற்றோடு குந்தியிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வண்டியாண்டேர்ந்து வர்றியா நைனா? நல்லா கீதா? வலது சக்கரத்துல ஒரு ஆரக்கால் ஆடிக்கினு இருக்கும், ஆசாரிகிட்ட சொல்லிடு. தூரம் போற வண்டியாச்சே."

"வண்டியை ஏன் கொடுத்தே?" என்றேன்.

"இன்னா இப்டி கேக்குற? நல்ல காரியத்துக்கு, தேர் மாதிரி ஜோடிச்சி மதுரைக்கி இஸ்துக்கினு போறாங்கன்னு பாய் சொன்னாரு. பெரிய டீச்சரம்மா வந்து ஏழு வண்டிய வுட்டுட்டு நம்ம வண்டிய கை காட்டிச்சாம். அத்தப் போயி மாட்டேங்க முடியுமா?"

"எங்கே படுக்கிறாய்?"

"இங்கதான். மழ வந்தா எய்ந்து குந்திக்கிறது. ரெண்டு புள்ளைங்கள அந்த வண்டியாண்டதான் வளத்தேன். ஒரு நாளு கூட நனஞ்சதில்ல."

பகலில் மெஹபூப் அலி என்று ஓர் ஆள் வண்டியை வாடகைக்கு இழுத்துவிட்டு, நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துவந்தார். அது அவள் சாப்பாடு. ராத்திரி வண்டி அவள் வீடு. இரண்டையும் நூற்றுப்பத்து ரூபாய்க்கு வாங்கிவிட்டீர்கள். அந்தப் பணத்தில் பாதியைப் பொன்னேரியில் இருக்கிற மகள் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டாள். இன்னொரு வண்டி வாங்கக் கையில் இல்லை. அவளுக்கு இன்னும் அது புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா?

வீடில்லாதவர்களுக்காக நடக்கப் போகிற நீங்கள், கிளம்புவதற்கு முன்பே ஒருத்தியை வீடில்லாமல் ஆக்கிவிட்டீர்கள். வண்டியை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்குப் புது மரத்தில் ஒன்று செய்து தருகிறேன். கல்யாண மேடை மாதிரியே இருக்கட்டும்.

மா. அய்யாதுரை


(தபால் கார்டு)
மயிலாப்பூர், 1-12-1972

அய்யாதுரை அவர்களுக்கு,

ஜனவரி 21 புறப்பாடு. நோட்டீஸ் நான்காயிரம் அச்சாகிவிட்டது, இந்த வண்டியின் படத்தோடு. போகிற ஊர்களுக்கெல்லாம் அனுப்பியாயிற்று. மண்டபம் வந்தால் தாயம்மாளைப் போல இருநூறு பேர் அதில் படுப்பார்கள். ஒருத்திக்காக இருநூறு பேரை விட என்னால் முடியாது. வியாபாரியான உங்களுக்கு இந்தக் கணக்கு புரியாதது வேடிக்கை. உங்கள் பணம் இல்லாமலும் வண்டி போகும். வீடு கட்டிய வண்டிதான் போகும்.

விசாலாக்ஷி


தி. நகர், 5-12-1972

டீச்சர்,

கார்டில் எழுதினீர்கள். கடைக் கணக்கர் படித்தார், எதிர் ஜவுளிக்கடையில் படித்தார்கள், கடைசியில் நான் படித்தேன். "அந்த அம்மா கேட்கிறதும் நியாயந்தானே" என்று போஸ்ட்மேன் சொல்லிவிட்டுப் போகிறார். ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டுவிட்டீர்கள், வாழ்த்துகள்.

உங்கள் கணக்கு புரிகிறது. இருநூறு பேர் எப்போது படுப்பார்கள்? நடந்து, பணம் சேர்த்து, இடம் வாங்கி, கட்டி? மூன்று வருஷம் என்று வையுங்கள். தாயம்மா நேற்று ராத்திரி எங்கே படுத்தாள் என்று நான் கேட்கிறேன். முந்தாநாளிலிருந்து மழை விடவில்லை.

நாளை மறுநாள் வியாழக்கிழமை அவள் உங்கள் வீட்டுக்கு வருவாள். நான் எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. ஜோடித்த வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். விலாசம் கொடுத்தேன். அந்த இருநூறு பேர் கணக்கை அவளிடமே சொல்லிவிடுங்கள்.

மா. அய்யாதுரை


மயிலாப்பூர், 11-12-1972

அய்யாதுரை அவர்களுக்கு,

வந்தாள். நீங்கள் என்ன எண்ணி அனுப்பினீர்களோ அது நடந்தது. அதற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மழையில் நனைந்துகொண்டு எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்கு வந்தாள். வண்டி அங்கேதான் நிற்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் கொடியைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சோக்கா கீது டீச்சரம்மா. யாரு வூடு இது?" என்றாள்.

"யார் வீடும் இல்லைம்மா. அடையாளத்துக்கு" என்றேன்.

"உள்ள யாரும் இருக்க மாட்டாங்களா?"

"அதுக்குள்ள யாராலும் இருக்க முடியாது. வெறும் ப்ளைவுட்."

"அதுக்கா இம்மாம் பெரிய பூட்டு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, உள்ளே போகட்டுமா என்று கேட்டாள். வீட்டுக்குள் என்று நினைத்துக்கொண்டு, முடியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். மல்லாந்து படுத்தாள். வலது கை தானாக மேலே போய் அச்சைத் தடவியது. கொக்கியைத் தேடுகிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கை இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, கீழே இறங்கிவிட்டது. நீலப் பலகையைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"வெளக்கு மாட்றது இருக்குமே" என்றாள்.

"எடுத்தாச்சு" என்றேன்.

எழுந்து வந்து, சேலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டாள். வலது சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். "ஆரக்கால இறுக்கலியே, சொல்லி அனுப்பினேனே" என்றாள். அதற்கு மட்டும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. போய்விட்டாள்.

நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் ஆசாரியிடம் சொல்லவில்லை.

இருநூறு பேர் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஆசாரியின் கழிவுப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். கொக்கி கிடைத்தது. கரண்டிக் காம்பை வளைத்துச் செய்திருக்கிறாள். பாத்திரக்காரர் நீங்கள் அதைப் பார்த்தும் சொல்லவில்லை. மேலே கட்டிய வீட்டைப் பிரித்தாயிற்று. குழுத் தலைவர் சந்திரமௌலி சார் தலையில் அடித்துக்கொள்கிறார். "வெறும் கட்டை வண்டியை இழுத்துண்டு போனா ஊர்ல யாரு பார்ப்பா? என்னத்தைப் பார்ப்பா?" என்கிறார். மேலே ஒன்றும் இருக்காது, அடியில் சாக்குப் படுதா, சட்டி, விளக்கு, அவ்வளவுதான் என்று வரைந்து காட்டினேன். அதைப் பார்க்கக் குனிய வேண்டுமே என்கிறார். குனியட்டும் என்றேன். குழுவில் எழுவரில் நான்கு பேர் என் பக்கம்.

இப்படிப் போகப் போகிற வண்டிக்கு உங்கள் பணம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் கேட்கிறேன். வண்டியையும் அவளையும் என்ன செய்வது என்று உங்கள் நிபந்தனைகளை எழுதுங்கள். என் நிபந்தனை ஒன்றே ஒன்று. உங்கள் படிக்கட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதற்கு ஒப்பாவிட்டால் உங்கள் பணமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். உங்களுக்கு உபாயம் சொல்லிக்கொடுத்தவர்களைப் போலவே நீங்களும் இருந்துவிட்டுப் போங்கள்.

விசாலாக்ஷி


தி. நகர், 16-12-1972

டீச்சர் அவர்களுக்கு,

மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவும் இல்லை. அந்தக் கொக்கி கரண்டிக் காம்பு என்று முதல் நாளே பார்த்தேன். ஈயம் பூசின பழைய இரும்புக் கரண்டி, பத்தணாச் சரக்கு. உங்களிடம் சொல்லியிருந்தால் அதையும் நோட்டீசில் படமாகப் போட்டிருப்பீர்கள்.

மேலே ஒன்றும் வேண்டாம் என்றது சரி. சந்திரமௌலி சாரிடம் சொல்லுங்கள், நின்றுகொண்டு பார்க்கிறவன் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். குனிந்து பார்த்தவன் காசு போடாமல் நிமிர மாட்டான். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். உண்டியலை மட்டும் அச்சு உயரத்தில், குனிந்த முகத்துக்கு நேரே வையுங்கள்.

உங்கள் நிபந்தனைக்கு நாலு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். மூன்று மாடிக் கடையின் படிக்கட்டு சின்ன விஷயம் இல்லை. என் மகன் ஒப்பவில்லை. "ஒரு நாள் விட்டா மறுநாள் குடும்பத்தோட வந்துடுவாங்கப்பா" என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. வரத்தான் போகிறார்கள். வியாபாரம் குறையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் கேட்டதற்காக இல்லை. அவள் கை அச்சைத் தடவியதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட என் நிபந்தனைகளை எழுதுகிறேன். தபாலில் போடாமல் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன், ஒரு நகல் கையெழுத்துப் போட்டு அவனிடமே அனுப்புங்கள்.

கைநாட்டுச் சீட்டைக் கிழித்து எனக்கு அனுப்பிவிட வேண்டும். வண்டி விற்கப்படவில்லை. நீங்கள் கொடுத்த நூற்றுப்பத்து ரூபாய் வாடகை முன்பணம். மெஹபூப் அலி கொடுத்த அதே ஒன்றரை ரூபாய் வீதம், வண்டி உங்களிடம் நின்ற முப்பத்தெட்டு நாளும், மதுரைக்கு நடக்கிற முப்பத்தைந்து நாளும் அதில் அடங்கும். மிஞ்சுகிற எட்டணா அவளுடையது. வண்டி நாளை ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள், கொக்கி மாட்டி, ஆரக்கால் இறுக்கி, சிந்தாதிரிப்பேட்டையில் அவளிடம் போய்ச் சேர வேண்டும். ஜனவரி இருபதாம் தேதி மயிலாப்பூருக்கு அவளே கொண்டுவருவாள். வழியில் அவள் கூட நடப்பாள். வண்டி இழுக்கிறவர்களுக்கு என்ன கூலியோ, என்ன சாப்பாடோ அதேதான் அவளுக்கும். ராத்திரியில் வண்டிக்கு அடி அவளுடையது, எந்த ஊர்ப் பெரிய மனிதர் வந்து பார்க்கக் கேட்டாலும் சரி. மதுரையிலிருந்து வண்டியும் அவளும் திரும்பி வர லாரி என் செலவு. வண்டிக்கு நான் சொன்ன பணம் அப்படியே வரும். கடைப் பெயர் வேண்டாம். அடியில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

இந்தக் காரியம் முடிந்த பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம். பாத்திரம் வேண்டுமானால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரியிலிருந்து, கடை அடைத்த பிறகு பத்து மணி முதல் காலை ஐந்தரை வரை, படிக்கட்டு காய்ந்திருக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் மாணவியை அனுப்பித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மா. அய்யாதுரை